வாட்ஸை விடுங்கள், கிலோவைக் கேளுங்கள்: ஸ்டாண்ட் மிக்சர் கேள்வி பதில்

வீட்டில் பிரெட்டும் கேக்கும் செய்கிறவர்கள், கனமான ஸ்டாண்ட் மிக்சர் (கிண்ணத்தோடு மேடையில் நின்று மாவு பிசையும், கேக் கலவை கலக்கும் மெஷின்) வாங்குவதற்கு முன்னும் வாங்கிய பின்னும் கேட்ட கேள்விகள் இவை. பாதிப் பேர் வாட்ஸில்தான் தொடங்கியிருக்கிறார்கள். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: அக்கா, ஒரு மெஷினில் 1500 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. அதைவிட விலை கூடிய இன்னொன்றில் 300 வாட்ஸ்தான். வாட்ஸ் கூடியதுதானே பலமானது?

பதில்: இல்லை. அந்த எண், மெஷின் எவ்வளவு மின்சாரத்தை இழுக்கிறது என்பதைச் சொல்கிறது. மாவு பிசையும் கொக்கிக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதைச் சொல்வதில்லை. இடையில் சூடாகவும் சத்தமாகவும் கியர்களின் உராய்வாகவும் ஒரு பெரும் பங்கு கரைந்துவிடுகிறது.

மாவு பிசைய வேகம் தேவையில்லை, முறுக்கு விசைதான் தேவை. மோட்டார் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுழலும். கொக்கியோ பிசையும்போது கிண்ணத்தை நிமிடத்துக்கு நூறு முறை வலம் வந்தாலே அதிகம். அந்த வேகத்தைக் குறைத்து விசையாக மாற்றித் தருவது கியர் பெட்டி. அது நன்றாக இருந்தால் 300 வாட்ஸ் மெஷின் கெட்டியான மாவைச் சத்தமில்லாமல் பிசைந்துவிடும். அது மோசமாக இருந்தால் 1500 வாட்ஸும் திணறும். ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி, "இது எத்தனை கிலோ பிரெட் மாவு பிசையும்?" என்பதுதான். கையேட்டில் அதற்குக் கிராம் கணக்கில் பதில் இல்லாத மெஷினை நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: வீட்டில் நான்கு பேர். 4.8 லிட்டர் கிண்ணம் போதுமா, 7 லிட்டர் வேண்டுமா?

பதில்: லிட்டர் கணக்கு கேக் கலவைக்கும் முட்டை நுரைக்கும் பொருந்தும். பிரெட்டுக்கு எடைதான் கணக்கு. ஒரு கிலோ உலர்ந்த மாவு, அதன் எடையில் 60 சதவீதம் தண்ணீர், 20 கிராம் உப்பு என்று வைத்தால் பிசைந்த மாவு 1.6 கிலோவைத் தாண்டுகிறது. நடுத்தர அளவில் இரண்டு பிரெட் அதில் வரும். ஒரு தடவைக்கு ஒரு பிரெட் என்றால் 4.8 லிட்டர் போதும். ஒவ்வொரு தடவையும் இரண்டு சுடுகிறவர் என்றால் பெரியதற்குப் போங்கள். கையேட்டில் சொல்லியிருக்கும் உச்ச அளவை அன்றாட அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் அதில் மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்திக்கொள்வேன்.

மாவின் கெட்டித்தன்மையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 75 சதவீதம் தண்ணீர் உள்ள தளர்ந்த மாவு மோட்டாரை அவ்வளவு வருத்தாது. 55 சதவீதத்தில் பிசையும் இறுக்கமான மாவுதான் மெஷினைச் சோதிக்கிறது. அளவு ஒன்றுதான் என்றாலும் சுமை ஒன்றல்ல.

பெரிய கிண்ணத்துக்கும் குறை உண்டு. இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவை அதில் ஊற்றினால் நுரை அடிக்கும் கம்பி விஸ்க் அதைத் தொடாமலேயே சுற்றும். சில மாடல்களுக்கு உள்ளே பொருந்தும் சிறிய கிண்ணம் தனியாகக் கிடைக்கிறது. அது கிடைக்குமா என்று முதலிலேயே விசாரியுங்கள்.

கேள்வி: தலையைச் சாய்க்கும் வகை, கிண்ணத்தை உயர்த்தும் வகை. எது உறுதியானது?

பதில்: பொதுவாகக் கிண்ணத்தை உயர்த்தும் வகை. அதன் தலை உடலோடு ஒன்றாக இருக்கிறது, ஆடுவதற்குக் கீல் இல்லை. சாயும் வகையில் கெட்டி மாவு தலையை மேலே தள்ளும். நாளடைவில் கீல் ஊசி தளர்ந்து தலை துள்ள ஆரம்பிக்கும். ஆனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கென்வுட் ஷெஃப் என்ற மாடல் சாயும் வகைதான், கெட்டி மாவுக்கு அசராது. கடையில் தலையைப் பூட்டிவிட்டு, கையால் மேல்நோக்கி அசைத்துப் பாருங்கள். புது மெஷினிலேயே ஆட்டம் தெரிந்தால் அங்கேயே விட்டுவிடலாம்.

கிண்ணத்தை உயர்த்தும் வகையில் நடுவில் மாவு சேர்ப்பதும் ஓரத்தை வழிப்பதும் கொஞ்சம் சிரமம். உயரமும் கூடுதல். மேல் அலமாரிக்கும் மேடைக்கும் இடையிலான உயரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். இன்னொன்று: பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள மெஷினை ஒவ்வொரு முறையும் அலமாரியிலிருந்து இறக்கி வைப்பேன் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. மேடையில் நிரந்தர இடம் இல்லையென்றால் அது அலமாரிக்குள்ளேயே இருந்துவிடும்.

கேள்வி: பிளானட்டரி என்கிறார்கள், ஸ்பைரல் என்கிறார்கள். கிண்ணமே சுற்றும் மெஷினும் இருக்கிறதாம். தலை சுற்றுகிறது.

பதில்: பிளானட்டரி வகையில் கிண்ணம் அசையாது. கொக்கி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, எதிர்த்திசையில் கிண்ணத்தையும் வலம் வருகிறது. அமெரிக்காவில் ஹோபார்ட் நிறுவனத்துப் பொறியாளர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் 1908-இல், ரொட்டி சுடுபவர் ஒருவர் இரும்புக் கரண்டியால் மாவைக் கலக்கப் படும் பாட்டைப் பார்த்து இந்த யோசனைக்கு வந்ததாகச் சொல்வார்கள். முதலில் வந்தவை பேக்கரிக்கான பெரிய மெஷின்கள். வீட்டுக்கான கிச்சன்எய்ட் 1919-இல் வந்தது. கேக், கிரீம், நுரை, பிரெட் என்று எல்லாவற்றையும் ஓரளவுக்கு நன்றாகச் செய்வது இதன் பலம். அந்த 'ஓரளவு' பிரெட் பக்கம்தான் இடிக்கிறது.

ஸ்பைரல் வகையில் கிண்ணமும் சுற்றும், சுருள் கொக்கியும் நின்ற இடத்தில் சுற்றும். மாவு குறைவாகச் சூடாகும், சீராகப் பிசையப்படும். ஆனால் பிரெட்டைத் தவிர வேறு எதற்கும் உதவாது. சுவீடனில் 1940-இல் வந்த அசிஸ்டென்ட் என்ற மெஷின் இன்னொரு வழி. இன்று ஆங்கர்ஸ்ரம் என்ற பெயரில் விற்கிறது. கிண்ணம் சுற்ற, ஓர் உருளை மாவைச் சுவரோடு அழுத்தி உருட்டும். பழகக் கொஞ்ச காலம் பிடிக்கும். பழகியவர்கள் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

உங்கள் வேலையில் முக்கால் பங்கு பிரெட் என்றால் பின்னிரண்டையும் பாருங்கள். கேக்தான் அதிகம் என்றால் பிளானட்டரியே சரி.

கேள்வி: மேடம், கேக் மட்டும்தான் செய்கிறேன். மாதம் ஓரிரு முறை.

பதில்: நல்ல ஹேண்ட் மிக்சர் போதும். மீதிப் பணத்துக்கு நல்ல கேக் டின்களும் தராசும் வாங்குங்கள்.

கேள்வி: மாவு கொக்கியில் ஏறி மேலே போய்விடுகிறது. வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: கூட்டாதீர்கள். ஓடும் மெஷினைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். முதலில் மாவு ஓரங்களில் ஒட்டி, கிழிந்து கிழிந்து கிடக்கும். பிறகு ஒன்றுதிரண்டு கொக்கியைப் பற்றிக்கொள்ளும். அதன் பிறகு அது கிண்ணத்தின் சுவரில் மோதி, நீண்டு, மடிந்தால்தான் பிசைதல் நடக்கிறது. கொக்கியோடு ஒரே கட்டியாகச் சேர்ந்து சும்மா சுற்றிவந்தால் மெஷின் ஓடுகிறதே தவிர வேலை நடக்கவில்லை.

நிறுத்துங்கள். மாவைக் கையால் கீழே இறக்கி, புரட்டிப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்ய வேண்டியிருக்கும். அடிக்கடி ஏறுகிறதென்றால் கொக்கியின் வடிவத்தைப் பாருங்கள். 'சி' வடிவக் கொக்கியில் மாவு எளிதில் ஏறும். சுருள் கொக்கி மாவைக் கீழ்நோக்கி அழுத்தும். உங்கள் மாடலுக்குச் சுருள் கொக்கி கிடைத்தால் மாற்றிவிடுங்கள்.

மெஷினுக்கும் உங்களுக்கும் வேலையைக் குறைக்கும் வழி ஒன்று உண்டு. மாவையும் தண்ணீரையும் மட்டும் உலர்ந்த மாவு தெரியாத அளவுக்குக் கலந்து, மூடி, 20 முதல் 30 நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு உப்பும் ஈஸ்டும் சேர்த்துப் பிசையுங்கள். பிரெஞ்சு ரொட்டி நிபுணர் ரேமோன் கால்வெல் இதற்கு ஆட்டோலிஸ் என்று பெயர் வைத்தார். அந்த ஓய்வில் குளூட்டன் (மாவுக்கு இழுவை தரும் புரதம்) தானாகவே உருவாகத் தொடங்குவதால் பிசையும் நேரம் நன்றாகக் குறைகிறது. ஒரு துண்டைக் கிள்ளி விரல்களால் மெல்ல விரித்துப் பாருங்கள். கிழியாமல், வெளிச்சம் ஊடுருவும் சவ்வாக வந்துவிட்டால் மெஷினை அணைத்துவிடலாம்.

கேள்வி: கையேட்டில் பிரெட் மாவுக்கு வேகம் 2-ஐத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. அதைக் கேட்க வேண்டுமா? சில சமயம் மெஷின் தானாக நின்றும்விடுகிறது.

பதில்: கேட்டே ஆக வேண்டும். நீங்கள் கேட்காததால்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன். சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு உள்ளே இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நன்றாக ஆறும் வரை விடுங்கள். அடுத்த முறை மாவைக் குறையுங்கள்.

கேள்வி: உள்ளே ஒரு பிளாஸ்டிக் கியர் இருக்கிறது என்கிறார்களே. அது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: எல்லா இடத்திலும் இல்லை. சில மாடல்களில் ஒரு பல்சக்கரத்தை மட்டும் வேண்டுமென்றே மற்றவற்றைவிட மென்மையான பொருளில் செய்கிறார்கள். சுமை எல்லை மீறினால் முதலில் உடைய வேண்டியது அதுதான். அது உடைந்து மோட்டாரைக் காப்பாற்றுகிறது. மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, கொக்கி மட்டும் அசையவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். பெட்டியைத் திறந்தால் அடர்ந்த கிரீசுக்குள் ஒரு சக்கரம் தெரியும். அதில் ஓரிடத்தில் மட்டும் பற்கள் சிதைந்திருக்கும், உதிர்ந்த துணுக்குகள் கிரீசில் கலந்து கிடக்கும். பழைய கிரீசை முழுவதும் வழித்தெடுத்துவிட்டுத்தான் புதுச் சக்கரத்தைப் பொருத்த வேண்டும். துணுக்கு ஒன்று மிஞ்சினாலும் அது புதிய பற்களைக் கடிக்கும்.

ஆகவே, பிளாஸ்டிக்கா உலோகமா என்பதைவிட அந்தச் சக்கரம் தனியாக வாங்கக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். எல்லாச் சக்கரங்களும் பிளாஸ்டிக் என்றால் அது வேறு கதை. அந்த மெஷினை வாங்காதீர்கள்.

கேள்வி: பீட்டரை மாட்டும் தண்டிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது. கேக்கில் விழுந்துவிடும் போலிருக்கிறது.

பதில்: கிரீசிலிருந்து எண்ணெய் பிரிந்துவிட்டது. வெகுநாள் ஓட்டாமல் வைத்தாலோ, அதிகமாகச் சூடேறினாலோ இப்படி ஆகும். துடைத்துவிட்டு, வெறுமனே சில நிமிடம் ஓட்டுங்கள். மறுபடி சொட்டினால் கிரீஸ் மாற்ற வேண்டும். உணவுத் தரக் கிரீஸ்தான் போட வேண்டும், வண்டிக்குப் போடுவதல்ல.

கேள்வி: கேக் கலவை கலக்கும் தட்டையான துடுப்பை டிஷ்வாஷரில் போட்டேன். இப்போது தொட்டால் கையில் சாம்பல் நிறம் ஒட்டுகிறது.

பதில்: பூச்சு இல்லாத அலுமினியத் துடுப்பு அது. டிஷ்வாஷர் சோப்பின் காரம் பட்டு அலுமினியம் கறுத்துவிட்டது. எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் ஓரளவு போகும். வெள்ளைப் பூச்சு உள்ளது என்றால் பூச்சு பெயர்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும், பெயர்ந்த துணுக்கு மாவில்தான் விழும். எவர்சில்வரில் கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது அதை வாங்குங்கள்.

கேள்வி: அடியில் சர்க்கரையும் வெண்ணெயும் கலக்காமல் தங்கிவிடுகிறது. மெஷின் பழுதா?

பதில்: பழுதில்லை, உயரம் சரியில்லை. வெறும் கிண்ணத்தில் ஒரு சிறு நாணயத்தைப் போட்டு, துடுப்பை மாட்டி, குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். துடுப்பு நாணயத்தை லேசாகத் தட்டி நகர்த்த வேண்டும். நகரவில்லை என்றால் துடுப்பு உயரத்தில் நிற்கிறது. கிண்ணத்தின் அடியை உரசும் சத்தம் கேட்டால் மிகவும் தாழ்ந்திருக்கிறது. பெரும்பாலான மாடல்களில் இதற்கென்றே ஒரு திருகு இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள்.

கேள்வி: மெஷினில் பிசைந்தால் மாவு சூடாகிவிடுகிறது. கையால் பிசையும்போது இப்படி ஆகவில்லை.

பதில்: உராய்வு. தண்ணீரைக் குளிர்வித்து ஈடுகட்டுங்கள். மாவு 25 டிகிரியில் முடிய வேண்டும் என்றால் அதை மூன்றால் பெருக்குங்கள்: 75. அதிலிருந்து அறை வெப்பம், உலர்ந்த மாவின் வெப்பம், மெஷின் ஏற்றும் சூடு மூன்றையும் கழியுங்கள். அறை 27, மாவு 27, மெஷின் 12 என்றால் தண்ணீர் 9 டிகிரியில் இருக்க வேண்டும். அந்தப் 12 மெஷினுக்கு மெஷின் மாறும். ஒருமுறை பிசைந்து முடித்ததும் மாவின் வெப்பத்தை அளந்து, மூன்றால் பெருக்கி, அறை, மாவு, தண்ணீர் மூன்றின் வெப்பத்தையும் கழித்தால் உங்கள் மெஷினின் எண் கிடைத்துவிடும்.

கேள்வி: அண்ணன் வெளிநாட்டிலிருந்து 120 வோல்ட் மெஷின் கொண்டுவருகிறேன் என்கிறார். இங்கே 230 வோல்ட். டிரான்ஸ்பார்மர் போட்டு ஓட்டலாமா?

பதில்: ஓட்டலாம், ஆனால் நான் வேண்டாம் என்பேன். மெஷினின் வாட்ஸைவிடத் தாராளமான திறனுள்ள டிரான்ஸ்பார்மர் வேண்டும். அது மேடையில் இன்னொரு கனமான பெட்டி. வோல்ட்டை மாற்றும் டிரான்ஸ்பார்மர், மின்சாரத்தின் 50, 60 ஹெர்ட்ஸ் வித்தியாசத்தை மாற்றாது. கார்பன் பிரஷ் (சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) உள்ள மோட்டார் அதைப் பொருட்படுத்தாது, வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பலகை சில சமயம் முரண்டு பிடிக்கும். பழுதானால் உத்தரவாதமும் பெரும்பாலும் செல்லாது. மறந்துபோய் யாராவது நேரே சுவர் பிளக்கில் செருகினால் அத்தோடு முடிந்தது.

கேள்வி: பழைய மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: வெறுமனே ஓட்டிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், சுமையில்லாமல் எல்லா மெஷினும் நன்றாகத்தான் ஓடும். அரைக் கிலோ மாவும் தண்ணீரும் கேட்டு, அங்கேயே பிசைந்து பாருங்கள். சீரான முனகல் பரவாயில்லை. டக் டக் என்று ஒரே இடைவெளியில் சத்தம் வந்தால் கியரில் பல் போயிருக்கிறது. கருகிய வாசனையும் பொறிகளும் வந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அதை மாற்றுவது சின்ன வேலை. பிரஷ் மாற்றிய பிறகும் வாசனை வருமானால் மோட்டாரின் கம்பிச் சுருள் கருகியிருக்கிறது.

கேள்வி: கிண்ணம் கண்ணாடியா, எவர்சில்வரா?

பதில்: எவர்சில்வர், கைப்பிடியோடு. கண்ணாடியில் உள்ளே நடப்பது தெரியும், அளவுக் கோடுகளும் இருக்கும். ஆனால் இரண்டு கிலோ மாவோடு அதை ஒற்றைக் கையில் தூக்கிப் பாருங்கள்.