மிஷின் கொடுத்த சீட்டும் மெடிக்கல் சொட்டு மருந்தும்: கண் நலம், கேள்வி பதில்

இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டே விஷயங்களைச் சுற்றி வந்திருக்கின்றன. முகாமில் கண்ணைப் படம் எடுத்து கம்ப்யூட்டரே ரிசல்ட் சொல்கிறதே, அதை நம்பலாமா என்பது ஒன்று. கண் சிவந்தால் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் சொட்டு மருந்து இன்னொன்று. சேலம், ஏற்காடு பக்கத்துக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவுக்கு 58 வயது, 12 வருடமாக சுகர். தறி ஓட்டுகிறார். எங்கள் தெரு முகாமில் ஒரு பெண் மிஷினில் கண்ணைப் படம் எடுத்தார். இரண்டு நிமிடத்தில் "கண் டாக்டரைப் பார்க்கவும்" என்று சீட்டு வந்தது. அங்கே டாக்டரே இல்லை. அப்பாவோ "கண்ணாடி போட்டா அறுந்த இழைகூடத் தெரியுது, எனக்கென்ன" என்கிறார். போகத்தான் வேண்டுமா?
— வாசகி, அம்மாபேட்டை

போகத்தான் வேண்டும், அதுவும் இந்த வாரமே. இழை தெரிகிறது என்பதை வைத்துக் கண் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். நூல் கோர்க்கவும் எழுத்துப் படிக்கவும் நமக்குப் பயன்படுவது விழித்திரையின் நடுவில் இருக்கும் ஒரு சின்ன இடம்தான். சுகர் அந்த இடத்தைக் கடைசி வரை விட்டுவைத்துவிட்டு, சுற்றியிருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுத்துக்கொண்டே போகலாம். குழாய்ச் சுவரில் சிவப்புப் புள்ளிகளாகப் புடைப்பு வரும், கசியும், சில இடங்களில் அடைத்துக்கொள்ளும், அப்புறம் அந்த அடைப்பை ஈடுகட்டப் புதுக் குழாய்கள் முளைத்து அவை உடைந்து ரத்தம் கொட்டும். இத்தனையும் நடக்கும்போது வலி கிடையாது, சிவப்பு கிடையாது, கண்ணில் நீர்கூட வராது. ஒரு நாள் காலையில் கண் முன்னால் கறுப்பாக ஏதோ மிதக்கிறது என்று ஓடி வருகிறவர்களில் பலர், முந்தின நாள் வரை வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான்.

டாக்டர் இல்லாமல் எப்படி என்ற கேள்வி நியாயமானது. இந்த வகை மிஷின் எப்படிப் படித்தது என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும். 2016-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வில் 1,28,175 விழித்திரைப் படங்களை கம்ப்யூட்டருக்குக் காட்டியிருந்தார்கள். ஒவ்வொரு படத்தையும் குறைந்தது மூன்று பேர் பார்த்து நோய் எந்த நிலை என்று குறித்திருந்தார்கள், மொத்தம் 54 கண் மருத்துவர்கள். அந்த ஆய்வுக்கான படங்கள் அமெரிக்காவிலிருந்து மட்டும் வரவில்லை. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்த் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா மூன்றும் படம் கொடுத்தன, அதாவது நம்மூர்க் கண்களைப் பார்த்தும்தான் அது கற்றுக்கொண்டது. 2018 ஏப்ரலில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வேறொரு நிறுவனத்தின் மிஷினுக்கு, டாக்டர் படத்தைப் பார்க்காமலே ரிசல்ட் சொல்லலாம் என்று முதன்முதலாக அனுமதி கொடுத்தது. அது சொல்லும் ரிசல்ட் இரண்டே: டாக்டரிடம் போங்கள், அல்லது 12 மாதம் கழித்து மறுபடி வாங்கள். அப்பாவுக்கு முதல் வகைச் சீட்டு வந்திருக்கிறது. சில சமயம் டாக்டர் பார்த்துவிட்டு "பயப்பட ஒன்றுமில்லை" என்று அனுப்பவும் கூடும், அதனால் ஒரு நாள் கூலி போகலாம். சீட்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டால் போகக்கூடியது அதைவிடப் பெரியது.

இதில் நான் உண்மையில் கவலைப்படுவது மற்றவர்களைப் பற்றி, அதாவது "நார்மல்" என்று சீட்டு வாங்கிப் போனவர்களைப் பற்றி. சுகர் பாதிப்பை மட்டும் தேடக் கற்ற மிஷின் அதை மட்டும்தான் சொல்லும். கண் அழுத்த நோய் இருக்கிறதா, கண்புரை எவ்வளவு என்பதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்காது. அப்புறம், படம் தெளிவாக இல்லை என்று வருவதும் உண்டு. தாய்லாந்துக் கிளினிக்குகளில் கூகுளின் மிஷினை வைத்துப் பார்த்தபோது 1,838 படங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் தரம் போதவில்லை என்று மிஷின் ஒதுக்கிவிட்டது, வெளிச்சம் சரியில்லாத அறைகள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். பந்தல் போட்டுப் பட்டப்பகலில் நடத்தும் நம்மூர் முகாமிலும் இது நடக்கும். படம் விழவில்லை என்றால் கண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

டாக்டரிடம் போகும்போது சுகர், பிரஷர், கிட்னி ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கண் பாப்பாவை விரிக்க மருந்து விடுவார்கள், சில மணி நேரம் கண் கூசும், மங்கலாகத் தெரியும், அதனால் அப்பாவை வண்டி ஓட்ட விடாதீர்கள், கூட ஒருவர் போக வேண்டும். தேவைப்பட்டால் லேசர், இல்லையென்றால் கண்ணுக்குள் ஊசி. "கண்ணுக்குள்ள ஊசியா" என்று அவர் பின்வாங்குவார். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டுத்தான் போடுவார்கள், பெரும்பாலானவர்களுக்கு ஒரு அழுத்தம் மட்டும் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலை. மரக்கிளை கழிக்கும்போது குச்சி கண்ணில் பட்டுவிட்டது. கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டதும் இரண்டு நாளில் சிவப்பு நன்றாகக் குறைந்தது. ஒரு வாரத்தில் கருவிழியில் வெள்ளையாகப் பூ விழுந்த மாதிரி ஆகிவிட்டது. இப்போது ஆஸ்பத்திரியில் ஒரு மணிக்கொரு தரம் மருந்து விடச் சொல்லியிருக்கிறார்கள். குறைந்த கண் ஏன் திரும்ப மோசமானது?
— வாசகர், ஏற்காடு

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டீர்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். அந்தக் கடை மருந்துப் புட்டி இன்னும் வீட்டில் இருந்தால் லேபிளைப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் இந்த மூன்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பெயர் முழுதாக இல்லாமல் ஆன்டிபயாடிக்கோடு கலந்த மருந்தாக, புட்டியில் சின்ன எழுத்தில் "டெக்ஸா" என்று மட்டும்கூட இருக்கலாம்.

கண்ணில் சிவப்பும் வீக்கமும் வருவது உடம்பு கிருமியோடு சண்டை போடுவதால். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்துகிறது. கிருமியைத் தொடுவதே இல்லை. பச்சைக் குச்சி, இலை, நெல் உமி, கரும்புச் சோகை இப்படிப்பட்டவை பட்டு வரும் கருவிழிப் புண்ணில் பூஞ்சை இருக்க வாய்ப்பு அதிகம். தென்னிந்தியாவில் பரிசோதித்துக் கிருமி பிடிபட்ட கருவிழிப் புண்களில் ஏறக்குறைய பாதி பூஞ்சையால் வந்தவை என்று மதுரையில் நடந்த ஒரு ஆய்வு 1990-களிலேயே காட்டியிருக்கிறது. காவல் இல்லாத கண்ணில் பூஞ்சை தாராளமாக வளர்ந்திருக்கிறது, சிவப்பு குறைந்ததால் நீங்களும் நிம்மதியாக வேலைக்குப் போயிருக்கிறீர்கள். உங்கள் மீது தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை எடுத்துக் கொடுக்கிறவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு, அதை இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன்.

ஒரு மணிக்கொரு தரம் விடுகிற மருந்து பெரும்பாலும் நாட்டமைசினாக இருக்கும், வெள்ளையாகப் பால் போல, கண் ஓரத்தில் மாவாகப் படியும். பழைய மருந்தாயிற்றே, புதுசு இல்லையா என்று கேட்காதீர்கள். அரவிந்த் மருத்துவமனையும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 323 நோயாளிகளிடம் இதையும் புது மருந்தான வொரிகோனசோலையும் ஒப்பிட்டு 2013-இல் வெளியிட்ட ஆய்வில் பழைய மருந்தே ஜெயித்தது. ஆற வாரக்கணக்கில் ஆகும். புட்டியைக் குலுக்கிவிட்டுப் போடுங்கள், அடியில் மருந்து தங்கிவிடும். சிவப்பு குறைந்தாலும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம், அக்கம்பக்கத்தில் யார் சொன்னாலும்.

புண் பூஞ்சையா பாக்டீரியாவா என்று போட்டோவைப் பார்த்தே சொல்ல ஏஐ-யைப் பழக்கும் ஆராய்ச்சி நம் பக்கத்துப் படங்களை வைத்தே நடக்கிறது. அது நன்றாக வந்தால் மலையில் இருப்பவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் இன்றைக்கு, புண்ணைக் கொஞ்சம் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் வழி.

எனக்கு 29 வயது. அடிக்கடி வலது கண் சிவந்து வலிக்கிறது, வெளிச்சம் பார்க்க முடியவில்லை. மெட்ராஸ் ஐ என்று நினைத்துப் போனால், கண் டாக்டர் "காலையில் எழுந்தா முதுகு பிடிச்சிக்குதா" என்று கேட்டு, ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே எல்லாம் எழுதிக் கொடுத்தார். கண்ணுக்கு எதற்கு எக்ஸ்ரே? அப்புறம் எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தேடிப் பார்த்தால் கேன்சர் மருந்து என்று வருகிறது.
— வாசகர், சூரமங்கலம்

அந்த டாக்டர் சரியாகத்தான் போகிறார், கைவிட்டுவிடாதீர்கள். மெட்ராஸ் ஐ என்றால் பீளை தள்ளும், உறுத்தும், பெரும்பாலும் பார்வை குறையாது. உங்களுக்கு வந்திருப்பது யுவைடிஸ் போலத் தெரிகிறது, கண்ணின் நடுப்படலத்தில் வரும் அழற்சி. ஸ்லிட் லாம்ப் என்ற கருவியில் மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணுக்குள் விட்டுப் பார்க்கும்போது, ஓட்டு வீட்டுக்குள் விழும் வெயிலில் தூசி பறப்பதைப் போல வெள்ளை அணுக்கள் மிதப்பது தெரியும். அந்த டாக்டர் பார்த்தது அதைத்தான்.

இந்த அழற்சிக்கு வேர் பல சமயம் கண்ணுக்கு வெளியே இருக்கும். இளவயதில், விட்டு விட்டு, ஒரு கண்ணில் வந்து, காலையில் முதுகும் இறுகினால் எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுக்கூறோடு சேர்ந்த முதுகெலும்பு வாதமாக இருக்கலாம். நம் நாட்டில் காசநோயையும் விட முடியாது, எக்ஸ்ரே அதற்குத்தான். எலிக்காய்ச்சல்கூடக் காரணமாகும். 1993 வெள்ளத்துக்குப் பிறகு மதுரைப் பக்கம் கூட்டமாக யுவைடிஸ் வந்தபோது, அரவிந்தின் டாக்டர் எஸ்.ஆர். ரத்தினம் குழுவினர் அதன் வேர் எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடித்தார்கள். யாரோ ஒரு டாக்டர் கண்ணைப் பார்த்ததோடு நிற்காமல் "வெள்ளத்துல நின்னீங்களா" என்று கேட்டால்தான் இப்படிப்பட்டது பிடிபடும். அதனால்தான் யுவைடிஸ் விஷயத்தில் ஏஐ இன்னும் ஆராய்ச்சி அளவிலேயே இருக்கிறது. மிதக்கும் அணுக்களை ஸ்கேனில் எண்ணக் கற்றுக்கொடுக்கிறார்கள், நல்ல விஷயம்தான். முதுகு வலியைப் பற்றிக் கேட்கிற வேலை டாக்டருடையது.

உங்களுக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் கொடுத்திருப்பார்கள். ஏற்காட்டு வாசகரின் கண்ணைக் கெடுத்த அதே மருந்து உங்கள் கண்ணைக் காப்பாற்றும், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்த பிறகு கொடுத்திருப்பதால். சட்டென்று நிறுத்தக் கூடாது, சொன்னபடி குறைக்க வேண்டும், நடுவில் கண் அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த மாத்திரை மெத்தோட்ரெக்சேட்டாக இருக்கும். கேன்சருக்குக் கொடுக்கும் அளவு வேறு, இது வேறு. ஸ்டீராய்டை நம்பியே காலம் தள்ளாமல் இருக்கத்தான் இது. 2019-இல் வந்த ஆய்வில், இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 216 யுவைடிஸ் நோயாளிகளிடம் இதையும் விலை அதிகமான மைக்கோபினோலேட்டையும் ஒப்பிட்டார்கள். விலை கூடிய மருந்து மேலானது என்று நிரூபிக்க முடியவில்லை. ஒன்றை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள், மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கிழமையை மாத்திரை அட்டையிலேயே பேனாவால் எழுதிவையுங்கள். மது வேண்டாம். ரத்தப் பரிசோதனை தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

சிவந்த கண்ணை செல்போனில் படம் எடுத்து ஏஐ ஆப்பில் போட்டால் என்ன நோய் என்று சொல்கிறதே, போதாதா?
— வாசகி, அஸ்தம்பட்டி

போதாது. செல்போன் படத்தில் தெரிவது கண்ணின் மேற்பரப்பு. மேலே எழுதிய மூன்று பேருக்கும் நோய் எவ்வளவு ஆழம், எதனால் வந்தது என்பதை அந்தப் படம் காட்டியிருக்காது. வலி, வெளிச்சம் கூசுதல், பார்வை மங்கல் இந்த மூன்றில் எது இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

விழித்திரைப் படத்தை வைத்து ஆணா பெண்ணா என்று ஏஐ சொல்லும் என்று வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?
— கல்லூரி மாணவர், சேலம்

உண்மைதான், 2018-இல் வெளியான ஆய்வு. வயது, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் இவற்றையும் ஓரளவு கணித்தது. ஆணா பெண்ணா என்று படத்தைப் பார்த்துக் கண் டாக்டர்களால் சொல்ல முடியாது, மிஷின் எதை வைத்துச் சொல்கிறது என்று யோசிக்க வைத்த ஆய்வு அது. 2023-இல் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையோடு சேர்ந்த குழு 16 லட்சம் விழித்திரைப் படங்களில் பழக்கிய ஒரு ஏஐ மாடலை வெளியிட்டது, மாரடைப்பு, பார்க்கின்சன் போன்றவற்றைக் கண்ணை வைத்து முன்கூட்டி ஊகிக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். நீங்கள் கம்ப்யூட்டர் படிக்கிறீர்கள் என்றால் இந்தப் பக்கம் வாருங்கள், ஆள் தேவை.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக சுகர் பார்க்கிறேன். எங்கள் மலைக் கிராமங்களில் சிக்னலே கிடைக்காது. இந்த ஏஐ கேமரா இங்கே வேலை செய்யுமா?
— சுகாதாரத் தன்னார்வலர், ஏற்காடு தாலுகா

செய்யும் வகை இருக்கிறது. பெங்களூரு நிறுவனம் ஒன்று செல்போனோடு பொருத்தும் விழித்திரைக் கேமராவும், இன்டர்நெட் இல்லாமல் அந்தப் போனிலேயே ரிசல்ட் சொல்லும் ஏஐ-யும் செய்திருக்கிறது. மும்பையில் சோதித்து 2019-இல் ஆய்வும் வந்தது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் எழுதிக் கேளுங்கள், நீங்கள் கேட்டால்தான் வரும்.

கேமரா வரும் வரை உங்கள் கையில் இருக்கும் சுகர் நோட்டே போதும். ஒவ்வொரு பெயருக்கும் நேராக, கடைசியாக எப்போது பாப்பா விரித்துக் கண் பார்த்தார்கள் என்று ஒரு வரி சேருங்கள். வருடம் தாண்டியவர்களை நாலைந்து பேராகச் சேர்த்து, ஒரே பஸ்ஸில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக் கண் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மருந்து விட்ட பிறகு மங்கலாகத் தெரியும், கொண்டை ஊசி வளைவுகளில் பைக் ஓட்டிக்கொண்டு திரும்பக் கூடாது என்பதால் மாலை பஸ் எத்தனை மணிக்கு என்று கிளம்பும் முன்பே கேட்டுவையுங்கள்.