கே எழுத்து ஒலிக்காத ஆங்கிலச் சொற்கள்: பொருளும் காரணமும்

தொடக்கநிலை 3 படிக்கும் மகளின் ஸ்பெல்லிங் பட்டியலில் கே, என் இரண்டும் சேர்ந்து தொடங்கும் சொற்கள் வந்திருக்கின்றன, கே ஏன் ஒலிப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு காலத்தில் அது ஒலித்தது. பழைய ஆங்கிலத்தில் முழங்காலைக் குறிக்கும் ‘நீ’ என்ற சொல்லை ‘க்னே’ என்பதுபோல் சொன்னார்கள். 17ஆம் நூற்றாண்டு வாக்கில் பேச்சில் கே மறையத் தொடங்கியது. அதற்குள் அச்சு நூல்கள் எழுத்துக்கூட்டலை நிலைப்படுத்திவிட்டதால், எழுத்தில் மட்டும் கே தங்கிவிட்டது. ஜெர்மானியர்கள் இன்றும் முழங்காலை ‘க்னீ’ என்றுதான் சொல்கிறார்கள்.

பொருளோடு சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். நைஃப் கத்தி, நாக் தட்டுவது, நீல் மண்டியிடுவது, நிட் பின்னுவது, நக்கிள் விரல் முட்டி, நாப் கதவுக் குமிழ். தட்டுவதைக் குறிக்கும் ‘நாக்’ வேறு, ‘நேக்’ வேறு: பின்னது கைவந்த சூட்சுமம்.

குழப்பம் வருவது ஒரே ஒலியுள்ள ஜோடிகளில்தான். ‘நீட்’ என்றால் தேவை. அதே ஒலியில் கே, என், இ, ஏ, டி என்று எழுதினால் மாவு பிசைவது. சிங்கப்பூர் தேக்கா சந்தையில் புரோட்டா மாஸ்டர் மாவை அழுத்தி, மடித்து, மறுபடி அழுத்துகிறாரே, அதுதான். ஒருமுறை காட்டிச் சொல்லுங்கள், மறக்கமாட்டாள். ‘நைட்’ கே இல்லாமல் இரவு, கே சேர்ந்தால் குதிரைவீரன். ‘நாட்’ என்பதும் அப்படியே: கே இருந்தால் முடிச்சு. அப்புறம், ‘நோ’: கே போட்டு, முடிவில் டபிள்யூவும் சேர்த்தால் அறிவது. இந்த டபிள்யூவைப் பிள்ளைகள் விட்டுவிடுவதுண்டு.