வக்கீலண்ணே, ஒரு சந்தேகம்: காலைல ஊதினாலும் 62 காட்டுமா?

முகூர்த்த சீசன் முடிஞ்ச கையோட நம்ம பெட்டிக்கு வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தா பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், குடிச்சிருக்கோமான்னு பார்க்க போலீஸ் வண்டியை நிப்பாட்டி மெஷின்ல ஊத வைக்கிற விஷயம். வழக்கமா வர்ற பட்டா, பாகப்பிரிவினை, முற்றத்து சுவர் தகராறு எல்லாம் அடுத்த மாசம் பார்த்துக்குவோம், இந்தத் தடவை இதையே பேசி முடிச்சுருவோம்.

பள்ளத்தூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி: அண்ணே, பங்காளி வீட்டுக் கல்யாணம். முந்தின நாள் ராத்திரி 10 மணிக்கு ஆரம்பிச்சோம், எனக்கு ஒரு குவார்ட்டர், ஒரு ஸ்ட்ராங் பீர், அவ்வளவுதான். 12க்கெல்லாம் படுத்தாச்சு. காலைல எந்திரிச்சு தலைக்குக் குளிச்சு, இட்லி சாப்பிட்டு, விபூதி பூசிட்டு, கொய்யா இலையும் மென்னுட்டு, சொந்தக்காரவுகள காரைக்குடி ஜங்ஷன்ல விட 7 மணிக்கு வண்டியை எடுத்தேன். நிப்பாட்டி ஊதச் சொன்னாக, 62ன்னு காட்டுது. நான் தெளிவாத்தான் இருந்தேன். மெஷின் கோளாறுதானே?

தம்பி, மெஷின் சரியாத்தான் சொல்லிருக்கு, கணக்கு போட்டுப் பார்ப்போமா. நம்ம ஊர் சரக்குல 42.8 சதவீதம் ஆல்கஹால், அப்ப 30 மில்லியில சுமார் 10 கிராம். நீ 75 கிலோ இருப்பேன்னு வச்சுக்கிட்டா அந்த 10 கிராம் உன் ரத்தத்துல 100 மில்லிக்கு 20 மில்லிகிராம் ஏத்தும். குவார்ட்டர்னா 180 மில்லி, ஆறு முப்பது, ஆக 120. பீர் 650 மில்லி, ஸ்ட்ராங்குனா 8 சதவீதம் வரைக்கும் போகும், அதுல ஒரு 40 கிராம், ஆக 80. மொத்தம் 200. இனி எறங்குற கணக்கு. கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு தோராயமா 15 மில்லிகிராம்தான் எரிக்கும், அதுக்கு மேல அவசரப்படாது, நீ வெந்நீர்ல குளிச்சாலும் ரெண்டு டம்ளர் ஃபில்டர் காபி குடிச்சாலும் அது பாட்டுக்கு அதே ஸ்பீடுலதான் போகும். 10 மணியில இருந்து காலை 7 வரைக்கும் 9 மணி நேரம், 135 போச்சு. மிச்சம் 65. உன் சீட்டுல 62. என்னத்தச் சொல்ல!

சட்டம் வச்சிருக்கிற கோடு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், மோட்டார் வாகனச் சட்டம் 185ஆவது பிரிவு. உன் கணக்குப்படி அந்தக் கோட்டுக்குக் கீழ வரவே காலை 9 மணி 20 நிமிஷம் ஆகிருக்கும், சுத்தமா போக 11 தாண்டிரும். இதெல்லாம் சராசரிதான், ஆளுக்கு ஆள் கொஞ்சம் ஏறும் எறங்கும், ஒல்லியான ஆளுக்கும் பொம்பளையாளுகளுக்கும் அதே அளவு சரக்குக்கு நம்பர் இன்னும் மேல நிக்கும்.

தெளிவா இருந்தேன்னு சொல்ற பாரு, அது உன் மனசுக்குத் தெரிஞ்ச தெளிவு. 185ல நீ ஆடினியா தள்ளாடினியான்னு கேள்வியே கிடையாது, நம்பர் தாண்டுச்சா இல்லையான்னுதான். கொய்யா இலை, வெத்தலை, ஏலக்காய் எல்லாம் வாய் நாத்தத்தை மறைக்கும், எதிர்ல நிக்கிற ஏட்டய்யாவை ஒருவேளை ஏமாத்தும். மெஷின் வாசனை பிடிக்கிற மூக்கு இல்லப்பா. ரத்தத்துல இருக்கிற ஆல்கஹால் நுரையீரலுக்குள்ள வர்ற காத்துல கலந்துரும், அடி நெஞ்சுல இருந்து வர்ற அந்தக் காத்து உள்ள இருக்கிற பிளாட்டினம் தகட்டுல பட்டா ஆல்கஹால் அசிட்டிக் அமிலமா மாறும், அப்ப சின்னதா ஒரு கரண்ட் ஓடும், எவ்வளவு கரண்ட்டோ அவ்வளவு ஆல்கஹால். 2,100 மில்லி மூச்சுல இருக்கிறதும் 1 மில்லி ரத்தத்துல இருக்கிறதும் சமம்னு வச்சு நம்பரா மாத்திக் காட்டும். அதனாலதான் ரொம்ப நேரம் ஊது, விடாம ஊதுன்னு கத்துறாக, மேலோட்டமா ஊதினா வாய்க்காத்துதான் போகும்.

முதல் தடவைன்னா 10,000 ரூபாய் அபராதம் இல்ல 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். மறுபடி மாட்டினா 15,000, 2 வருஷம் வரைக்கும். 2019ல கூட்டின தொகை இது. இன்னொன்னு, இதை ஸ்பாட்லயே காசு கட்டி முடிக்கிற வகையில சட்டம் சேர்க்கல, கோர்ட்டுக்குத்தான் போகணும், யாராவது ரோட்டுலயே முடிச்சுத் தர்றேன்னு வந்தா அது அபராதம் இல்ல, வேற பேரு. லைசென்சையும் வாங்கி ஆர்டிஓ ஆபீசுக்கு அனுப்பலாம், சஸ்பெண்ட் ஆகும்.

கோட்டையூர்ல இருந்து ஒரு ஆச்சி: எங்க வீட்டு ஐயா குடியே தொட்டதில்ல. ஹோமியோபதி சொட்டு மருந்து, வாய் கொப்பளிக்கிற மருந்து ரெண்டும் உண்டு. அதுக்கும் மெஷின் கத்துமாமே, பயமா இருக்கு.

ஆச்சி, கத்தும், ஆனா கொஞ்ச நேரத்துக்குத்தான். அந்த ரெண்டுலயும் ஆல்கஹால் இருக்கிறது உண்மை, வாயில ஒட்டியிருக்கிற அது நேரா மெஷினுக்குள்ள போயி நம்பரைத் தூக்கிரும். 15 நிமிஷத்துல வாயில இருக்கிறது காஞ்சிரும். ஐயாவை சண்டை போடாம, மருந்து போட்டிருக்கேன், 15 நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவை ஊதுறேன்னு கேக்கச் சொல்லுங்க. சட்டத்துலயே ஒரு தடவைக்கு மேல மூச்சு எடுக்கலாம்னுதான் இருக்கு. ரெண்டாவதுல சைபர் வரும், ராஜா மாதிரி வீட்டுக்கு வந்துருவாக. உண்மையிலேயே குடிச்சவனுக்கு 15 நிமிஷத்துல 4 நம்பர்தான் எறங்கும்.

தேவகோட்டை, சரக்கு வண்டி ஓட்டுறவர்: போலீஸ் யாரை நிப்பாட்டணும்னு எப்படிண்ணே கண்டுபிடிக்கிறாக? ஊத மாட்டேன்னு சொல்லிட்டா ஆதாரம் இல்லாம கேஸ் நிக்காதுன்னு எங்க ஸ்டாண்டுல சொல்றானுக.

உங்க ஸ்டாண்டுல எப்பவும் ஒரு சீனியர் வக்கீல் இருப்பாருன்னு தெரியும்! முதல் கேள்விக்கு, பேரிகார்டுக்கு 50 மீட்டர் முன்னாடியே பிரேக் அடிச்சு திரும்புற வண்டி, ராத்திரியில லைட் போடாம வர்ற வண்டி, நடுக்கோட்டை ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல விட்டு ஓட்டுற வண்டி, இதெல்லாம் தூரத்துலயே தெரிஞ்சிரும். கிட்ட வந்தா கண்ணாடியை ரெண்டு விரல் அளவு மட்டும் எறக்குவாக, ஆர்சி புக்கு கேட்டா ஆதாரை நீட்டுவாக, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல ஒரு கேப் விழும், அப்பறம் தேவையில்லாம ரொம்ப மரியாதையா பேசுவாக, எனக்குத் தெரிஞ்ச ஓய்வு பெற்ற எஸ்ஐ ஒருத்தர் இந்தக் கடைசி அடையாளத்தைத்தான் நம்புவாரு. தை மாசம் பழனி பாதயாத்திரை போறவுக குன்றக்குடி, பிள்ளையார்பட்டி ரோட்டுல ராவெல்லாம் நடக்கிறாகல்ல, அப்பவாவது செக்கிங்கை யாரும் குறை சொல்லாதீக.

ரெண்டாவது கேள்வி. 203ஆவது பிரிவுல யூனிஃபார்ம்ல இருக்கிற போலீஸ்காரர் நியாயமான சந்தேகம் இருந்தா ஊதச் சொல்லலாம், மறுத்தா வாரண்ட் இல்லாம கைது பண்ணலாம். கைதானா 204படி டாக்டர் மூலமா ரத்தம் எடுக்கச் சொல்லலாம். 205 என்ன சொல்லுதுன்னா, சரியான காரணம் இல்லாம மறுத்ததையே உங்களுக்கு எதிரா துணை ஆதாரமா எடுத்துக்கலாம்னு. ஆக மறுக்கிறது புத்திசாலித்தனம் இல்ல. ஆனா உங்க பக்கமும் ஒரு கடிகாரம் ஓடுது, அதை யாரும் சொல்லித் தர்றதில்ல: கைது பண்ணின 2 மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட காட்டணும், காட்டலைன்னா காவல்ல இருந்து விட்டுரணும், 202ல எழுதியிருக்கு. அதனால எத்தனை மணிக்கு நிப்பாட்டினாக, எத்தனை மணிக்கு ஊதினீக, சீட்டுல என்ன டைம், ஜிஎச்சுக்கு எத்தனை மணிக்குப் போனீக, எல்லாத்தையும் குறிச்சு வைங்க. நான் கோர்ட்டுல ஆர்கியூ பண்ணினா முதல்ல கேக்குறதே அந்த டைம்தான்.

கல்லல் பக்கம், பேர் வேண்டாம்னு எழுதினவர்: என் தம்பி ராத்திரி பைக்ல போயி லாரியில மோதி காலமாயிட்டான். ஜிஎச் ஏஆர் காப்பியில, அதான் விபத்துப் பதிவேட்டு நகல்ல, ஆல்கஹால் வாசனைன்னு ஒரு வரி எழுதியிருக்காக. ஊதவும் வைக்கல, ரத்தமும் எடுக்கல. அந்த ஒரு வரியை வச்சு இன்சூரன்ஸ் தர மாட்டேங்கிறாக. குழந்தை ரெண்டு இருக்கு.

இந்தக் கடுதாசியை ரெண்டு மூணு தடவை படிச்சேன்ணே. மெதுவா சொல்றேன், ரெண்டு விஷயம் தனித்தனியா பிரிச்சுப் பாருங்க.

கிரிமினல் கேசுக்கு வாசனை மட்டும் பத்தாது. 1971ல சுப்ரீம் கோர்ட், வாசனை, தள்ளாட்டம், குழறுன பேச்சு, விரிஞ்ச கண்மணி இதெல்லாம் இருந்தாலும் ரத்தமோ சிறுநீரோ பரிசோதிக்காம குடிச்சிருந்தார்னு முடிவு கட்ட முடியாதுன்னு பச்சுபாய் கரியானி கேஸ்ல சொல்லிருக்கு. காரணம் இருக்கு. தலையில அடிபட்டவனும் குழறுவான், சுகர் இறங்கினவனும் தள்ளாடுவான், பக்கத்துல பார்த்தா குடிகாரன் மாதிரியேதான் தெரியும். அதனாலதான் டாக்டர் கண்மணி, நடை, பேச்சு, மூக்கைத் தொடச் சொல்றது எல்லாம் பார்த்து, குடிச்சிருக்கார் ஆனா போதையில இல்லைன்னு ஒரு சர்டிபிகேட்டும், குடிச்சு போதையில இருக்கார்னு இன்னொன்னும் தனியா எழுதுவாக. ரத்தம் எடுக்கிறதுலயும் முறை உண்டு, ஊசி போடுற இடத்துல ஸ்பிரிட் பஞ்சு தேய்க்கக் கூடாது, தேய்ச்சா அந்த ஸ்பிரிட்டே சாம்பிள்ல ஏறிரும். பாட்டில்ல சோடியம் புளோரைடு போட்டு வைக்கணும், இல்லாட்டி கிருமி வேலை செஞ்சு நம்பரே மாறிப் போகும். சீல் வச்சு தடயவியல் லேபுக்கு அனுப்பினா கேஸ் குரோமட்டோகிராஃபிங்கிற, ஆவியாக்கிப் பிரிக்கிற முறையில அளந்து சொல்லுவாக. உங்க தம்பி விஷயத்துல இதுல ஒண்ணுமே நடக்கல.

ஆனா இன்சூரன்ஸ் வேற கதை, இங்கதான் உங்களைப் பொய்யா தேத்த எனக்கு மனசு வரல. டெல்லி இந்தியா கேட் பக்கத்துல ஒரு போர்ஷே கார் மோதி எரிஞ்ச கேசுல 2021ல சுப்ரீம் கோர்ட், ஊதற டெஸ்ட், ரத்த டெஸ்ட் இல்லாட்டியும் மத்த சூழ்நிலையை வச்சு குடிச்சு ஓட்டினதை இன்சூரன்ஸ் கம்பெனி நிரூபிக்கலாம்னு சொல்லிருச்சு. அதை வச்சுத்தான் உங்களை விரட்டுறாக. ஆனா அந்தத் தீர்ப்பு நிரூபிக்கணும்னுதான் சொல்லுது, ஒரு வரி போதும்னு சொல்லல. நடுராத்திரியில காலி ரோட்டுல தானா போயி மோதின காரும், எதிர்ல லாரி வந்து நடந்த விபத்தும் ஒண்ணில்ல. லாரி எந்தப் பக்கம் வந்துச்சு, பிரேக் தடம் இருக்கா, ஸ்கெட்ச்ல எங்க போட்டிருக்காக, போஸ்ட்மார்ட்டம்ல உள்ளுறுப்பு எடுத்து கெமிக்கல் ரிப்போர்ட் வந்துச்சா, இதையெல்லாம் கேட்டு வாங்குங்க. லாரி மேல தப்பு இருந்தா அந்த லாரியோட இன்சூரன்ஸ்ல விபத்து நஷ்டஈடு கோர்ட்ல தனியா மனு போடலாம், அது உங்க தம்பி பாலிசிக்கு சம்பந்தமே இல்லாத வழி, அதை விட்டுறாதீக. ஏஆர் காப்பி, எஃப்ஐஆர், போஸ்ட்மார்ட்டம் மூணையும் எடுத்துக்கிட்டு நேர்ல வாங்க, ஃபீஸ் பத்தி யோசிக்காதீக.

கானாடுகாத்தான்: விபத்து பண்ணிட்டு டிரைவரை மாத்தி ஸ்டேஷனுக்கு அனுப்புறாகளே, அது எடுபடுமா?

முன்னாடி எடுபட்டுருக்கும். இப்ப டோல் கேட் கேமரா, கடை வாசல் கேமரா, செல்போன் டவர், பார் பில், டிரைவர் சீட்டு எவ்வளவு பின்னாடி தள்ளியிருக்குன்னு எல்லாம் பார்க்கிறாக, அஞ்சரை அடி டிரைவர் ஆறடி ஆளு சீட்டுல உட்கார்ந்து ஓட்டினேன்னு சொன்னா யாரு நம்புவா. 1999ல டெல்லியில ஒரு பிஎம்டபிள்யூ கார் 6 பேரை ஏத்திக் கொன்னது ஞாபகம் இருக்கா, கேமரா இல்லாத காலம் அது, கார்ல இருந்து ஒழுகின ஆயில் தடத்தைப் பிடிச்சுக்கிட்டே போலீஸ் போனா அது ஒரு பங்களா வாசல்ல போயி நின்னுச்சு, உள்ள காரைக் கழுவிக்கிட்டு இருந்தாக. 2012ல சுப்ரீம் கோர்ட் அதை வெறும் கவனக்குறைவு இல்லைன்னு சொல்லி பெரிய பிரிவுலயே தண்டிச்சுது.

சிங்கப்பூர்ல வேலை பார்க்கிற ஒரு மாப்பிள்ளை, லீவுக்கு வந்தவர்: அங்க 80 வரைக்கும் விடுறாங்க, இங்க எதுக்கு இவ்வளவு கெடுபிடி? அமெரிக்காவுல கோடு மேல நடக்கச் சொல்வாங்களாமே, இங்க ஏன் இல்ல?

சிங்கப்பூர்ல 80, மலேசியாவுல 2020ல 50 ஆக்கிட்டாக, அமெரிக்காவுல 80, யூட்டா மாநிலத்துல மட்டும் 50. இங்க 30, அங்க பழகின கணக்கோட இங்க ஸ்டியரிங்கைப் பிடிக்காதீக மாப்பிள்ளை. அமெரிக்காவுல பேனாவை கண்ணு முன்னாடி நகர்த்தி கண்மணி துடிக்குதான்னு பார்ப்பாக, குதிகால் விரலைத் தொடுற மாதிரி 9 காலடி நடந்து திரும்பி 9 காலடி, அப்பறம் ஒத்தக்கால்ல 30 செகண்ட். நம்ம ரோட்டுல அந்த 9 காலடியை குடிக்காதவனே நேரா நடக்க முடியாது, குழி அப்படி.

சிராவயல்: மாட்டு வண்டி ஓட்டினா ஊத வைப்பாகளா?

185 மோட்டார் வண்டிக்குத்தான். ஆனா பொது இடத்துல குடிச்சுட்டு அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுத்தா புது சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவுல 355ஆவது பிரிவு இருக்கு, 24 மணி நேரம் வரைக்கும் ஜெயில், இல்ல 1,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல சமூக சேவை. மாடு வீடு கொண்டுபோய் சேர்த்துரும், அதுக்கு வழி தெரியும், சமூக சேவைக்கு நீங்கதான் போகணும்.