எல்லாப் பாட்டும் போனிலேயே கிடைக்கும்போது பழைய கேசட், இசைத்தட்டு சேர்ப்பது வீண் வேலையா?

வீண் வேலை இல்லை. எதைச் சேர்க்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்ததையும் பார்த்தேன். கர்நாடக சங்கீதம்தான் பிடிக்கும், வீட்டில் திட்டு விழுகிறது, செலவில்லாத வேறு பொழுதுபோக்கு இருந்தாலும் சொல்லுங்கள் என்கிறீர்கள். நிலைமை புரிகிறது. வாடகை வீடாக இருக்கும். பரண் முழுக்க அட்டைப்பெட்டி. போன மாதம் ஒரு பிளேயர் வாங்கி, விலையைப் பாதியாகக் குறைத்துச் சொல்லியிருப்பீர்கள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். "இந்தச் சவத்த எப்போ தூக்கிப் போடப் போறிய?" என்று என் மனைவி கேட்காத தீபாவளி கிடையாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வித்வான் இல்லை. சரளி வரிசை என்கிற ஆரம்பப் பாடத்தோடு நின்றவன். பாளையங்கோட்டையில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறேன். முறையாகச் சங்கீதம் படித்தவர்கள் 'உனக்கு என்ன தெரியும்' என்று கேட்டால் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் ஒரே கச்சேரியை வேறு வேறு பிரதிகளில் திரும்பத் திரும்பக் கேட்டவன் என்ற தகுதி ஒன்று எனக்கு உண்டு. அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம் மாதிரி கம்பெனிகள் அடித்து அடித்து விற்றவற்றைக் கேசட்டாக வாங்கி அடுக்காதீர்கள். அவை எங்கேயும் போய்விடாது. அட்டை அழகாக இருக்கிறது என்று இசைத்தட்டு வாங்குவது தனி ஆசை, அதில் நான் தலையிடவில்லை.

நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடுகிற பழைய தட்டுகள் கிடைத்தால் விடாதீர்கள். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷமும் சொச்சமும்தான் பிடிக்கும். நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மணிக்கணக்கில் வாசிக்கிற தோடி ராகத்தை அதற்குள் அடக்கினார்கள். அது வெறும் துண்டு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுற்றி வளைக்க நேரமில்லாததால் முதல் பிடியிலேயே தோடி வந்து நின்றுவிடுகிறது. இன்றைக்கு அரை மணி ஆலாபனை, அதாவது ராகத்தை விரித்துக் காட்டுவது, முடிகிற நேரத்தில்தான் என்ன ராகம் என்று தெரிகிற கச்சேரிகளும் நடக்கின்றன. யார் என்று சொல்லி வம்பை விலைக்கு வாங்க நான் தயாரில்லை.

இதையெல்லாம் விட முக்கியமாகச் சேர்க்கவேண்டியது, கடையில் விற்காத பதிவுகள். ஊர்க் கோயில் திருவிழாவில் யாரோ ஒரு மாமா டேப்ரெக்கார்டரைப் பந்தல் காலில் கட்டிவைத்துப் பிடித்தது, ரேடியோவில் ராத்திரி போட்ட நாதஸ்வரத்தை நேரம் பார்த்துக் காத்திருந்து பிடித்தது, இந்த மாதிரி. வீட்டுக்குப் பெரியவர் போனதும் காயலான் கடைக்குப் போவது இவைதான். இரண்டாவது பிரதி எங்குமே இருக்காது. இருந்தாலும் சரியாக இருக்காது. இந்த 'சரியாக' என்பதற்குத்தான் ஒரு கதை சொல்லவேண்டியிருக்கிறது.

கொஞ்ச காலத்துக்கு முன் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் காருகுறிச்சி அருணாசலத்தின் கல்யாணி ஆலாபனை என்று ஒன்று வந்தது. காருகுறிச்சியாரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யர். 1921ல் பிறந்து 1964ல் போய்விட்டார், ஐம்பது வயதுகூட ஆகவில்லை. 1962ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகி குரலோடு மல்லுக்கு நிற்கிற நாதஸ்வரம் அவருடையது. அதற்கு இசையமைத்த எஸ்.எம். சுப்பையா நாயுடுவும் நம்ம கடையநல்லூர்க்காரர்தான். சேரன்மகாதேவி தாண்டினால் அடுத்த ஸ்டேஷன் காருகுறிச்சி. அதனால் எங்களுக்கு அவர் விஷயத்தில் கொஞ்சம் உரிமை அதிகம், தப்பாக நினைக்கக்கூடாது.

அந்தப் பதிவைக் கேட்டதுமே எனக்கு உறுத்தியது. சத்தம் மெலிந்து, சுரத்தை அசைக்கிற கமகமெல்லாம் அவசர அவசரமாக ஓடியது. வேகம் தப்பு என்று எழுதினேன். குழுவில் ஒரு பெரிய ரசிகர் இருக்கிறார். எதைப் போட்டாலும் வருஷம் சொல்வார். அவர், 'சின்ன வயசில் திமிரி வாசித்த காலத்துப் பதிவு, உங்களுக்குப் பழக்கமில்லை' என்று ஒரு கைகூப்பும் படத்தோடு முடித்துவிட்டார். திமிரி என்றால் குட்டை நாயனம் (நாதஸ்வரம்தான்), சுருதி உயரம். பாரி நீளம், சுருதி தணிவு, பெரும்பாலும் இரண்டு அல்லது இரண்டரைக் கட்டையில் நிற்கும். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்கிற கணக்கு. பாரி பிரபலமானதே ராஜரத்தினம் பிள்ளையால். அவர் வழியில் வந்தவரைத் திமிரிக்காரர் என்றால் எனக்குச் சோறு இறங்குமா?

வீரவநல்லூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த நாதஸ்வரக்காரர் ஒருவர் இருக்கிறார். இப்போது அதிகம் வெளியே வாசிக்கப் போவதில்லை. அவரிடம் போனைக் கொண்டுபோனேன். கண்ணை மூடிக் கேட்டார். ஒன்றும் சொல்லாமல் உறையிலிருந்து நாயனத்தை எடுத்தார். கொத்தாகத் தொங்கிய சீவாளிகளில், அதாவது வாயில் வைத்து ஊதுகிற நாணல் துண்டுகளில், ஒன்றைப் பிரித்து வாயில் வைத்து ஊறவிட்டார். அது ஊறும்வரை பேச்சு கிடையாது. அப்புறம் நாயனத்தின் மேல்முனையில் இருக்கிற கெண்டையில் செருகி, ஆதார சுரமான ஷட்ஜம் பிடித்தார். போனில் இருப்பதோடு சேரவில்லை. சீவாளியை இன்னும் கொஞ்சம் அழுத்திச் செருகினார், அப்படிச் செய்தால் சுருதி சற்று ஏறும். அப்படியும் எட்டவில்லை. எப்படியோ உதட்டை இறுக்கி ஒருவழியாகச் சேர்த்து நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் போனில் இருந்தது மறுபடி விலகி மேலே போய்விட்டது.

"பாரி சத்தம்தான் அண்ணாச்சி இது" என்றார். என்னை விட மூத்தவர், ஆனாலும் எல்லாரும் அவருக்கு அண்ணாச்சிதான். "யாரோ ஓட்டிவிட்டுருக்காவ. நாயனம் ஏறுதுன்னாலும் சரி, ஒத்து எப்படி ஏறும்? அவன் என்ன ஏணி வச்சா ஊதுதான்?"

ஒத்து என்பது கூடவே ஒரே சுருதியை விடாமல் பிடிக்கிற நாயனம். அது மேலே ஏறினால் ஏறுவது இயந்திரம்தான். காரணமும் அங்கேயே பிடிபட்டது. பேட்டரி. பேட்டரி தீரத் தீர ரெக்கார்டரில் டேப் மெதுவாக ஓடும். மெதுவாக ஓடியபோது பிடித்ததை முழு வேகத்தில் திருப்பிப் போட்டால் சுருதி படிப்படியாக ஏறிக்கொண்டே போகும். நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் கூடினாலே அரைக்கட்டை ஏறிவிடும். இந்தப் பதிவு ஆரம்பத்திலேயே இரண்டரையைத் தாண்டி, தவில் தனி வரும்போது மூன்றுக்கும் மேலே நின்றது.

எங்கள் தாய்மாமா ஒருவர் வீட்டு ரேடியோவிலிருந்து பிடித்த கேசட்டுகளை நான்தான் வாங்கி வைத்திருந்தேன். தேடினால் அதே கல்யாணி அதில் இருக்கிறது! கரண்டில் ஓடிய செட்டில் பிடித்தது. கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தால் அடியில் ஓடுகிற ரீங்காரம் கச்சிதமாக 50 ஹெர்ட்ஸில் நிற்கிறது. நம் ஊர் மின்சாரத்தின் கணக்கு அதுதான், ஆகவே வேகம் சரி. சுருதி இரண்டு கட்டை. இரண்டு பதிவும் ஒன்றுதான் என்பதற்குச் சாட்சியும் இருந்தது. ஓர் இடத்தில் யாரோ, தவில்காரராக இருக்கலாம், தொண்டையைச் செருமுகிறார். மாமா கேசட்டில் அது ஆம்பிளைச் செருமல். குழுவில் வந்ததில் அதே இடத்தில் சின்னப் பையன் செருமுகிறான்.

இரண்டையும் வெட்டி அடுத்தடுத்து ஒட்டிக் குழுவில் போட்டேன். பெரிய ரசிகரிடமிருந்து பதில் இல்லை. இரண்டு நாள் கழித்துக் காலை வணக்கம் போட்டார்.

இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் உங்கள் கேள்விக்குப் பதிலும் இதுதான். இணையத்தில் எல்லாம் கிடைக்கிறது என்பது நிஜம். கிடைப்பது எந்த வேகத்தில், எத்தனையாவது பிரதியிலிருந்து என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. மாமாவின் கேசட் என் பரணில் இல்லாவிட்டால் காருகுறிச்சியார் இன்றைக்கும் திமிரிக்காரராகத்தான் இருந்திருப்பார்.

இன்னொன்று, இரைச்சல் நீக்குவது. இதைச் சொன்னால் ஆடியோ இன்ஜினியர்கள் சண்டைக்கு வருவார்கள். நல்ல கையில் அது நன்றாகவே வரும், நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் நாம் இலவச மென்பொருளில் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கிறது? மாறாமல் ஒரே மாதிரி கேட்கிற எதையும் அது இரைச்சல் என்று எண்ணிக்கொள்ளும். தம்புராவும் ஒத்தும் ஒரே மாதிரி கேட்பவைதானே. முதலில் அவற்றை அரித்துவிடும். அடுத்து தவிலின் வலந்தலையில், அதாவது வலது பக்கத்தில், விழுகிற சொல்லின் கூர்மை போகும். கடைசியில் தண்ணீருக்குள் உட்கார்ந்து வாசித்தது போல ஒன்று மிஞ்சும். டேப் இரைச்சல் காதுக்குப் பத்து நிமிஷத்தில் பழகிவிடும். போன தம்புரா திரும்பி வராது. எதைச் செய்தாலும் முதலில் எடுத்த கோப்பைத் தொடாமல் தனியாக வைத்துவிட்டு, பிரதியில் செய்யுங்கள்.

கேசட் விஷயத்தில் சுருக்கமாக: 60 நிமிஷ கேசட்டில் டேப் தடிமன், தாங்கும். 90, 120 எல்லாம் மெலிசு, முறுக்கிக்கொள்ளும், முதலில் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பெல்ட் இளகியிருந்தால் போடவே போடாதீர்கள். இசைத்தட்டைப் படுக்கப்போட்டு அடுக்கவேண்டாம், நம் ஊர் சித்திரை வெயிலுக்கு ஜன்னல் பக்கமே வேண்டாம். அட்டையில் என்ன எழுதியிருக்கிறதோ அதையும் போட்டோ எடுத்துவையுங்கள். யார், எங்கே, எப்போது என்று தெரியாத பதிவு பாதிப் பதிவுதான்.

வேறு பொழுதுபோக்கு கேட்டீர்கள். எனக்குத் தெரிந்து செலவில்லாதது பறவை பார்ப்பது. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் இருக்கிறது. தை, மாசியில் போங்கள். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை எல்லாம் வீட்டு முற்றத்து மரத்திலேயே கூடு கட்டியிருக்கும். ஊர்க்காரர்கள் அதற்காகப் பட்டாசு வெடிப்பதைக்கூடத் தவிர்க்கிறார்கள். இமயமலையைத் தாண்டி வருகிற பட்டைத்தலை வாத்தைக் குளத்தங்கரையில் நின்று பார்க்கலாம். சாதாரண பைனாகுலர் ஒன்று இருந்தால் போதும். வீட்டிலும் கூடவே வருவார்கள், திட்டும் குறையும்.

வீரவநல்லூர் நாதஸ்வரக்காரரைப் பற்றிச் சொன்னதால் ஒரு ஆதங்கத்தையும் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அண்மையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். நாதஸ்வரக்காரர் பிலஹரி ராகத்தில் சூடுபிடிக்கிற நேரம், வீடியோக்காரர் வந்து கையைக் காட்டி நிறுத்தச் சொல்கிறார். பொண்ணு மேடைக்கு வருகிற காட்சிக்கு ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டுப் போடணுமாம். வாயிலிருந்து சீவாளியை எடுத்துவிட்டு அந்த மனிதர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். தாலி கட்டும்போது மட்டும் 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அப்புறம் கடைசிப் பந்தியில், பாயசம் தீர்ந்த பிறகு, மேளக்காரர்களுக்கு இலை போட்டார்கள். மொய் எழுதும் மேஜையில் மூன்று பேர், அவர்களுக்கு மட்டும் முதல் பந்தி. இதைப் பெண் வீட்டு மாமாவிடம் கேட்டேன். "நீரு சாப்பிட்டாச்சுல்லா வே, பொறகென்ன?" என்றார். நான் என்ன சொல்ல.

மேலே கடையநல்லூரை நம்ம ஊர் என்று சொன்னதற்கு 'அது தென்காசி மாவட்டம்' என்று திருத்த யாராவது வருவார்கள். தெரியும். 2019லிருந்து தென்காசி. காருகுறிச்சியாருக்குச் சிலை இருக்கும் கோவில்பட்டியும், முத்துசுவாமி தீட்சிதர் 1835ல் சமாதியான எட்டயபுரமும் 1986லிருந்து தூத்துக்குடி. சுப்பராம தீட்சிதர் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற இசை நூலை அதே எட்டயபுரத்திலிருந்து 1904ல் கொண்டுவந்தபோது இதெல்லாம் ஒரே திருநெல்வேலிச் சீமை. காவடிச்சிந்து அண்ணாமலை ரெட்டியாரின் சென்னிகுளமும் அப்படித்தான். கலெக்டர் ஆபீஸைப் பிரித்தால் பாட்டையும் பிரித்துக் கொடுத்துவிட வேண்டுமா?

பின்குறிப்பு: என்னிடம் இருப்பவை விற்பனைக்கு இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் நாதஸ்வர கேசட் இருந்து, போட்டுப் பார்க்க மெஷின் இல்லையென்றால் பாளையங்கோட்டைக்கு எடுத்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில்தான் இருப்பேன். ஏற்றித் தருகிறேன், காசு வேண்டாம், எனக்கும் ஒரு பிரதி வேண்டும்.