அப்பா குடியை விட்டும் வீட்டில் சண்டை ஓயவில்லையே, ஏன்?

அப்பா சம்சு என்ற மலிவுச் சாராயத்தை விட்டு நான்கு மாதமாகியும் நிம்மதி இல்லை என்று மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

குடித்த காலத்தில் வீடே அவரைச் சுற்றி மாறியிருக்கும். பிறை ஊரில் உள்ள அவருடைய ஃபேக்டரிக்குப் போன் போட்டு, "அவருக்குக் காய்ச்சல்" என்று அம்மா சமாளித்திருப்பார். வாடகை, தம்பியின் படிப்பு எல்லாம் உங்கள் தலையில் விழுந்திருக்கும். இப்போது அவர் மறுபடி அப்பாவாக நிற்கப் பார்க்கிறார், நீங்கள் தயங்குகிறீர்கள். அந்தத் தயக்கம் நியாயம்தான். பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுங்கள், முதலில் தண்ணீர் பில் போதும். வாயை மோந்து பார்ப்பதை மட்டும் இன்றே விடுங்கள். குடியை விட்டவருக்குத் தூக்கமின்மை, எரிச்சல் சில மாதம் நீடிக்கலாம்.

அப்புறம் அம்மா. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காகவே 1951-இல் தொடங்கிய அல்-அனான் கூட்டங்கள் இணையத்திலும் நடக்கின்றன, அவரைச் சேர்த்துவிடுங்கள். அப்பா மறுபடி தினமும் குடிக்கத் தொடங்கினால், திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள். வலிப்பு வரலாம், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.