உவரிக் கடலில் கேட்ட கேள்வி

வணக்கம் ஐயா,

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. என்னோடு வேலை பார்க்கும் நாக்பூர் நண்பர் பங்குனிக் கடைசியில் வந்து நாலு நாள் தங்கினார். அதுவரை அவர் கடலையே பார்த்ததில்லை. நெல்லையப்பர் கோயில், கிருஷ்ணாபுரம், குற்றாலம் எல்லாம் காட்டிவிட்டு மணப்பாட்டிலும் உவரியிலும் கடற்கரையில் இருந்தோம். கன்னியாகுமரியில் படகுக்கு வரிசையில் நின்றே பாதி நாள் போய்விட்டது. அதனால் உவரியில் ஒரு மீனவ அண்ணாச்சியிடம் கெஞ்சி அவருடைய ஃபைபர் போட்டில் கொஞ்ச தூரம் போய் வந்தோம். நண்பர் கடலைப் பார்க்கவே இல்லை. கரையைப் பார்த்தபடி, அது என்ன கோயில், அது என்ன மலை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அண்ணாச்சிதான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், காசு கொடுத்தால் வாங்கவும் மறுத்துவிட்டார். நண்பர் தை மாதம் மறுபடி வருகிறார். நம் கடற்கரையில் அவசியம் பார்க்க வேண்டிய பத்து இடங்களைச் சொல்வீர்களா? கோவளம், வர்கலா மாதிரி வசதி நம் பக்கம் ஏன் இல்லை?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். லைஃப் ஜாக்கெட் என்ற பேச்சே உங்கள் கடிதத்தில் இல்லை. போட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். கடலை அப்போதுதான் பார்த்த மனிதரை வெறும் சட்டையோடு படகில் ஏற்றியிருக்கிறீர்கள். பங்குனி சித்திரையில் நம் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். காற்று இருக்காது, வானத்தில் மேகம் இருக்காது. கள்ளக்கடல் வருவதும் அப்போதுதான். தெற்கே இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் எங்கோ அடித்த புயலின் அலை, நாள்கணக்கில் பயணப்பட்டு நம் கரையில் வந்து ஏறும். ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை கொடுக்கிறது. மாவட்டப் பெயரோடு செய்தியில் வரும். கடலுக்குக் கிளம்பும் முன் அதைப் பாருங்கள். படகுக்காரர் அலையில் வளர்ந்தவர், எப்படியும் கரை சேர்ந்துவிடுவார். நீங்கள் இரண்டு பேரும் சேர மாட்டீர்கள்.

கன்னியாகுமரி வரிசையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பங்குனியில் குற்றாலத்தில் என்ன காட்டினீர்கள் என்றும் கேட்கவில்லை. கோவளம், வர்கலா பேச்சை விடுங்கள். நம் கடற்கரையில் வலை காய்கிறது, நெத்திலி காய்கிறது, வள்ளங்கள் ஏறி நிற்கின்றன. அது தொழில் நடக்கும் இடம்.

அது என்ன மலை என்று நண்பர் கேட்டார், எனக்குத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரிதான் என்னைப் பதில் எழுத வைத்தது. உவரிக் கடலிலிருந்து பார்த்தால் மேற்கே ஓங்கி நிற்பது மகேந்திரகிரி. நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போகும்போது வள்ளியூர், பணகுடி வட்டாரத்தில் வலது கைப்பக்கம் கூடவே வருகிற மலை. இஸ்ரோ ராக்கெட் என்ஜின்களைச் சோதிப்பது அதன் அடிவாரத்தில்தான். எத்தனை தடவை அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள்!

படகுக்காரருக்கு அது எப்படித் தெரிந்தது? கரையில் ஒரு கோபுரத்தை எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பின்னால் தூரத்தில் மலையின் ஒரு முடி. இரண்டும் ஒரே நேராக வரும்வரை படகைக் கொண்டுபோவார்கள். இன்னொரு பக்கம் இதேபோல இன்னொரு ஜோடி. இரண்டு நேரும் வெட்டிக்கொள்கிற இடத்தில் கடலுக்கு அடியில் பார் என்கிற பாறைத்திட்டு இருக்கும், பாரில் மீன் இருக்கும். நீரோட்டம் படகை இழுத்தால் கோபுரம் மலையை விட்டு விலகும், உடனே தெரிந்துவிடும். ஜிபிஎஸ் வந்த பிறகும் பெரியவர்கள் இந்தக் கணக்கைக் கைவிடவில்லை.

கொஞ்ச நாளாக நான் மனசில் போட்டுப் புரட்டிக்கொண்டிருப்பது இதைத்தான். கடலுக்குப் போகிறவர் நம் மலையைப் பார்த்துத் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறார். நாம் அவருடைய கடலை ஏறிட்டும் பார்ப்பதில்லை. நெல்லைக்காரரிடம் ஊரைப் பற்றிக் கேட்டால் நெல்லையப்பர், அல்வா, குற்றாலம், தாமிரபரணி என்பதோடு முடித்துக்கொள்வார். தாமிரபரணி பொதிகையில் பிறப்பதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். அது கடலில் சேரும் ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். புன்னைக்காயல். 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் போனதைச் சாக்குச் சொல்ல வேண்டாம். அதற்கு முன்னாலும் நமக்கு அந்த ஊர் தெரியாது.

பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கையில் இன்று போய் நின்றால் வயலும் வாழையும்தான் இருக்கும். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணில் கடல் பல கிலோமீட்டர் தள்ளிப்போய்விட்டது. கொற்கை தூர்ந்த பிறகு காயல், அப்புறம் புன்னைக்காயல், அப்புறம் தூத்துக்குடி என்று துறைமுகம் இடம் மாறிக்கொண்டே வந்தது. நம் வயலுக்கு வண்டல் போட்ட அதே ஆறுதான் அவர்கள் கரையையும் நகர்த்தியது. சவேரியார் 1542இல் வந்து இறங்கியது இந்தக் கரையில். அவருக்குப் பின்னால் வந்த என்றீக்கே என்றீக்கஸ் பாதிரியார் இந்த மக்களிடம் தமிழ் படித்துத்தான் 1578இல் கொல்லத்தில் தமிழ்ப் புத்தகம் அச்சடித்தார். தமிழ் அச்சேறிய கதையில் முதல் பக்கம் இந்தக் கரைக்குச் சொந்தம்.

எங்கள் ஆச்சி வீடு நாங்குநேரிப் பக்கம். உவரியிலிருந்து ஒரு அம்மா கருவாட்டுப் பெட்டியோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். பெட்டியின் மேல் மூடிய பனையோலையை விலக்கினால் உப்புப் பூத்த சாளைக் கருவாடு, ஒரு ஓரத்தில் தாளில் பொதிந்த நெத்திலி. ஆச்சி ஒவ்வொன்றாக முகர்ந்து, வயிற்றை அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பாள். விலை கூடிப்போச்சே என்று முனகினால், "கச்சான் போட்டு அடிக்கு ஆச்சி, மூணு நாளா வள்ளம் எறக்கல" என்பார் அந்த அம்மா. மேற்கிலிருந்து வீசும் அதே கச்சான் எங்கள் முற்றத்திலும் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருக்கும். அவர் திண்ணையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, கீழேதான் உட்காருவார். குடிக்கத் தண்ணீர் கேட்டால் சொம்பைத் தூக்கி மேலிருந்து ஊற்றுவார்கள், கையைக் குவித்துக் குடிப்பார். எங்கள் வீட்டில் எல்லோர் பேரும் அவருக்குத் தெரியும். யாருக்கு எந்தக் கருவாடு பிடிக்கும் என்பதும் தெரியும். உன் ஊர் எப்படி இருக்கும், உன் வீட்டுக்காரர் கடலுக்குப் போனால் எப்போது திரும்புவார் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தூரம். ஆச்சி கண்ணை மூடும்வரை உவரியைப் பார்க்கவில்லை.

இதை அறியாமை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் யாரையும் விட மாட்டேன் தம்பி. இது இளக்காரம். அவர்கள் பேச்சு சத்தம், அவர்கள் ஊர் நாற்றம் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்திருக்கிறோம். அவர்கள் பிடித்த மீனைத் தின்றுகொண்டே சொன்னோம். உங்கள் நண்பருக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அதனால்தான் கரையைப் பார்த்ததும் அவருக்குக் கேட்கத் தோன்றியது. உங்களுக்கு இத்தனை வருஷமாகத் தோன்றவில்லை.

சரி, பத்து இடம் கேட்டீர்கள். தர மாட்டேன். தை நல்ல மாதம், மழை ஓய்ந்திருக்கும். தைப்பூசக் கூட்டத்தில் மட்டும் திருச்செந்தூர் ரோட்டில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஒரு நாள் ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயல் போய் ஆறு முடியும் இடத்தைப் பாருங்கள். ஒரு நாள் மணப்பாடு. மணல்மேட்டுச் சிலுவைக் கோயிலிலிருந்து இறங்கி ஊருக்குள் நடங்கள், பெண்கள் ஓலைப்பெட்டி முடைவதைப் பார்க்கலாம். மற்ற நாளெல்லாம் உவரி. சுயம்புலிங்க சுவாமி கோயில், அந்தோணியார் கோயில், கப்பல் வடிவில் கட்டிய மாதா கோயில் எல்லாம் ஒரே ஊரில் இருக்கின்றன. காலையில் மீன் ஏலம் கூறும்போது ஓரமாக நில்லுங்கள். யார் முகத்துக்கும் நேராகப் போனை நீட்டாதீர்கள்.

காசு வாங்கவில்லை என்கிறீர்கள். படகுக்கு எண்ணெய் சும்மா வருவதில்லை. அவர் கொண்டுவரும் மீனை, சொன்ன விலைக்குப் பேரம் பேசாமல் வாங்குங்கள். அவர் பெயரைக் கேட்டீர்களா? கடிதத்தில் அண்ணாச்சி என்று மட்டும்தான் இருக்கிறது. தை வரைக்கும் காத்திருக்காமல் இந்த ஞாயிறே உவரிக்குப் போய்க் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடலுக்குப் போவதில்லை, பூசை முடிந்து வீட்டில் இருப்பார்.

அன்புடன்.