ஸ்டென்ட் வைத்த பிறகு எந்த சைக்கிள் வாங்குவது?

கேள்வி: எனக்கு 56 வயது, கோவை. எட்டு மாதம் முன்பு ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். சைக்கிள் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையில் வளைந்த ஹேண்டில் வைத்த ரேஸ் சைக்கிளையும் நாடித்துடிப்பு காட்டும் வாட்ச்சையும் சேர்த்து எடுக்கச் சொல்கிறார்கள். மகன் இ-சைக்கிள் வாங்கச் சொல்கிறான். எதை வாங்கலாம்?

பதில்: சைக்கிள் ஓட்டலாம், சரி, ஆனால் எவ்வளவு சிரமப்பட்டு ஓட்டலாம் என்று கேட்டீர்களா? டிரெட்மில் டெஸ்ட் வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டு, அதை முடித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

வாட்ச்சுக்கு இப்போது பணம் போடாதீர்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, மூச்சு வாங்க மிதித்தாலும் துடிப்பு அவ்வளவாக ஏறாது, அதனால் நீங்களும் அதைச் சாப்பிடுகிறவர் என்றால், வயதை வைத்து வாட்ச் காட்டும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. மிதித்துக்கொண்டே பக்கத்தில் வருகிறவரிடம் இரண்டு வாக்கியம் தடங்கல் இல்லாமல் பேச முடிகிறதா, அதுதான் அளவு. முடியவில்லை என்றால் கியரைக் குறையுங்கள்.

ரேஸ் சைக்கிள் வேண்டாம். நிமிர்ந்து உட்காரும் ஹேண்டில், பின்னால் ஏழு கியர், காலைத் தூக்கிப் போடாமல் ஏறுகிற மாதிரி பார் இல்லாத சட்டம், இது போதும். இதை லேடீஸ் சைக்கிள் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் விழுந்தால் ரத்தம் எளிதில் நிற்காது, தலையில் அடிபட்டால் இன்னும் ஆபத்து. வாட்ச்சுக்கு வைத்த காசில் நல்ல சைக்கிள் ஹெல்மெட் வாங்குங்கள்.

மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஏற்றத்திலும் எதிர்காற்றிலும் மோட்டார் கைகொடுக்கும். ஆனால் மிதித்தால் மட்டும் உதவுகிற வகையாக எடுங்கள், திருகினாலே ஓடுகிற வண்டியில் உடற்பயிற்சி எங்கே இருக்கிறது? மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. பேட்டரி வாரன்டியை மட்டும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

அப்புறம், ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் பேரூர் பக்கம், காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். மாற்றிப் போனால் களைத்த நேரத்தில்தான் நெஞ்சுக்கு வேலை கூடும். நெஞ்சு இறுகினாலோ, இடது கை, தாடை வலித்தாலோ உடனே இறங்கி உட்காருங்கள், நாக்குக்கு அடியில் வைக்க டாக்டர் கொடுத்த மாத்திரையை அவர் சொன்னபடி வையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வீடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மிதிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. என் அப்பா ஒரு கையில் ஹேண்டில், ஒரு கையில் சீட் என்று பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு சைக்கிளைப் பதினான்கு படி தூக்கி ஏற்றுவார், முகமெல்லாம் சிவந்துவிடும். அப்படி மூச்சடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். உங்கள் வீடு மாடியில் என்றால், கீழேயே பூட்டி வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.